மேகம் பார்த்து வண்டி ஓட்டிய ஏழு நாள்

செப்டம்பர் 20, வெள்ளி, சாண்ட்லர், அரிசோனா

நாளை விடிகாலை கிளம்புகிறோம். ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் வரைபடம் விரிந்தே கிடக்கிறது. அரிசோனாவில் தொடங்கி, யூட்டாவின் சிவப்புப் பள்ளத்தாக்குகளைச் சுற்றி, நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலம் வழியாகத் திரும்புவது திட்டம். தம்பி டல்லாஸிலிருந்து வந்துவிட்டான். அவனுக்கு என் நண்பர் ஒருவர் தன் ஹார்லி-டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர் 883 மோட்டார் சைக்கிளை இரவல் கொடுத்திருக்கிறார். என்னுடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலேறி வந்த வண்டி.

திட்டம் போட உட்கார்ந்தபோது முதலில் பெட்ரோலைத்தான் கணக்குப் பார்த்தோம். யூட்டாவில் ஹாங்க்ஸ்வில் ஊரை விட்டால் பிளாண்டிங் வரை சுமார் 120 மைல், அதாவது 195 கிலோமீட்டருக்கு நம்பக்கூடிய பங்க் கிடையாது. ஸ்போர்ட்ஸ்டர் டாங்க் பன்னிரண்டரை லிட்டர்தான். என் கேரியரில் நான்கு லிட்டர் சிவப்பு கேன் கட்டியாகிவிட்டது. குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நான்கு லிட்டர்.

மூன்றாவது கணக்கு மழை. இந்தப் பாலைக்கும் பருவமழை உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. எங்கள் விடுப்பு கடைசிப் பத்து நாளுக்குள் விழுகிறது. "கடைசி வாரம்தானேக்கா, என்ன பெஞ்சிரப் போகுது" என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் 21, சனி, பேஜ்

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வரை 145 மைல் ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,100 மீட்டருக்குப் போகிறோம். முதலில் ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு சகுவாரோ கள்ளி, பிறகு புல்வெளி, பிறகு பைன் காடு. உயரம் ஏற ஏறக் காற்றில் பிராணவாயு குறைய, என் வண்டிக்கு மூச்சு வாங்கியது. லாரிகளோடு வலது ஓரத்திலேயே போனேன். தம்பி ஒவ்வொரு ஓய்விடத்திலும் காத்திருந்தான். ஃபிளாக்ஸ்டாஃபில் ஜாக்கெட்டுக்கு உள்ளே இன்னொரு சட்டை போடவேண்டி வந்தது.

மதியம் கேமரனில் சாப்பாடு. லிட்டில் கொலராடோ ஆற்றின் கரையில் 1916-லிருந்து இருக்கும் வணிக நிலையம், உள்ளே உணவகம். நவஹோ டாகோ என்று கேட்டோம். தட்டு நிறைய ஒரே ரொட்டி வந்தது, பார்க்கச் சோளாப்பூரியின் அண்ணன் மாதிரி. அதன்மேல் பீன்ஸ், கறி, வெங்காயம், தக்காளி. ஒன்றே இருவருக்குப் போதும் என்று பரிமாறிய பெண்மணியே சொல்லி, இரண்டாவதை எழுதாமல் விட்டார்.

அந்த ரொட்டியின் கதை இனிப்பானதல்ல. 1864-இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை ஊரைவிட்டுக் கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே நியூ மெக்சிகோவின் கிழக்குப் பகுதிக்குக் கொண்டுபோய் அடைத்தது. சோளமும் ஆடும் பழகியவர்களுக்கு ரேஷனாகக் கிடைத்தது கோதுமை மாவும் கொழுப்பும். அதை வைத்துச் சுட்டதுதான் இது என்று சொல்கிறார்கள். நான்கு வருடம் கழித்து, 1868 உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். ரொட்டி கூடவே வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டுப் பாலத்தில் நின்று பார்த்தோம். ஆற்றில் ஒரு சொட்டு இல்லை. வெயிலில் வெடித்துச் சுருண்ட சேறு, அப்பளம் காயப்போட்டது போல.

செப்டம்பர் 22, ஞாயிறு, டிராபிக், யூட்டா

இன்று காலை ஆன்டிலோப் பள்ளத்தாக்கு என்ற குறுகிய பாறை இடுக்கைப் பார்க்கப் பதிவு செய்திருந்தோம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றோம். அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நிலம் மாற்றுகிறது. பக்கத்துக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து என் போன் நவஹோ நேரத்தைக் காட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் போனை நம்பாமல் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் முறை வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். தலைக்கு மேல் மேகமே இல்லாத நீலம். வழிகாட்டி இளைஞர் தெற்கே கை காட்டினார். வெகு தூரத்தில், அடிவானத்தை ஒட்டி, சாம்பல் திரை ஒன்று தொங்கியது. அங்கே பெய்வது இங்கே வரும் என்றார். இன்றைக்கு உள்ளே யாரும் இறங்க முடியாது.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் மனம் சோர்ந்தது, பொய் சொல்லவில்லை. அப்போது அவர் 1997-ஐச் சொன்னார். அந்த வருடம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி இதே இடுக்குக்குள் 11 பயணிகள் வெள்ளத்தில் செத்துப்போனார்கள். இந்த இடத்தில் அன்று மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மைல்கணக்கில் தள்ளி மேட்டில் பெய்த மழை, ஆள் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய பிளவுக்குள் சுவராக வந்திருக்கிறது. இறங்கும் இடத்தில் இப்போது கல்லில் அறைந்த இரும்பு ஏணிகள். அன்று இருந்தவை மர ஏணிகள், வெள்ளம் அவற்றையும் கொண்டுபோனது. இந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதிக்கு நவஹோ மொழியில் இருக்கும் பெயருக்கே பாறைகளின் ஊடாகத் தண்ணீர் ஓடும் இடம் என்று பொருளாம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கிடைத்த நேரத்தில் கிளென் கேன்யன் அணைக்குப் போனோம். 1963-இல் மதகை மூடி, பவல் ஏரி முதல்முறை நிரம்ப 1980 ஆகியிருக்கிறது. சிவந்த பாறைச் சுவரில் பழைய நீர்மட்டம் வரை வெள்ளைப் பட்டை, உப்புத்தண்ணீர் வாளியின் உட்புறம் போல. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏரி, நிரம்பிய பிறகு அதுவரை இல்லாத அளவுக்குக் கீழே இறங்கியது.

பிற்பகல் 89-ஆம் சாலையில் கனாப், அங்கிருந்து வடக்கே. யூட்டா எல்லையில் ஒரு மணி நேரம் போனது. ஸயன் பூங்காவை வேண்டுமென்றே விட்டுவிட்டோம், அதற்குத் தனியாக மூன்று நாள் வேண்டும்.

செப்டம்பர் 23, திங்கள், டோரி

பிரைஸ் கேன்யன் விளிம்பில் விடிகாலை இரண்டு டிகிரி. க்ளவுஸ் போட்டும் விரல் மரத்தது. ஆனால் அந்தக் குளிர்தான் இந்த இடத்தைச் செய்தது. இங்கே ஆண்டில் 170 நாளுக்கு மேல் பகலில் உருகி இரவில் உறைகிறது. விரிசலில் நுழைந்த தண்ணீர் உறையும்போது பருத்துக் கல்லைப் பிளக்கிறது. உருகி இன்னும் உள்ளே போய் மறுபடி பிளக்கிறது. மிஞ்சியவைதான் ஹூடூ என்கிற இந்தக் கல் தூண்கள். சூரியன் முதலில் தொட்ட தூண்கள் உள்ளிருந்து விளக்கு ஏற்றியதுபோல் ஆரஞ்சாக எரிந்தன. தம்பி அரைமணி நேரம் வாய் திறக்கவில்லை.

பிறகு 12-ஆம் சாலை. மொத்தம் 123 மைல். நான் இதுவரை ஓட்டிய சாலைகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எஸ்கலான்டே தாண்டியதும் வெள்ளைப் பாறைக் கடல் விரிகிறது. அதன்மேல் சாலை ஒரு நூலாகக் கிடக்கிறது. ஹாக்ஸ்பேக் என்ற இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவே பன்றியின் முதுகு அகலத்துக்குச் சாலை. பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தோளைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையிலேயே வைத்தேன். வேடிக்கை பார்ப்பதற்கு ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன, அங்கே நின்று பாருங்கள்.

அடுத்த ஊர் போல்டர். 1930கள் வரை இந்த ஊருக்குத் தபால் கோவேறு கழுதை முதுகில்தான் வந்திருக்கிறது. சாலையை ஓட்டிப் பார்த்த பிறகு அதில் ஆச்சரியமே இல்லை.

போல்டர் மலையில் ஏறும்போது 2,900 மீட்டர். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி இலைகள் காசு போல் சலசலத்தன. ஒரு வளைவு திரும்பினால் சாலை நடுவில் ஏழெட்டு மாடுகள். ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றோம். கன்று ஒன்று வந்து தம்பியின் க்ளவுஸை முகர்ந்துவிட்டுப் போனது.

செப்டம்பர் 24, செவ்வாய், ஹாங்க்ஸ்வில்

கேபிடல் ரீஃப் பூங்காவுக்குள் ஃப்ரூட்டா என்று ஒரு பழத்தோட்ட ஊர். மார்மன் மதப்பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் ஃப்ரீமான்ட் ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி வைத்த மரங்களைப் பூங்கா இன்றும் பராமரிக்கிறது. தோட்டத்துக்குள் நின்று சாப்பிடுவதற்குக் காசில்லை. எடுத்துப்போவதை நாமே எடை போட்டு, பணத்தைப் பெட்டியில் போடவேண்டும். மேற்பார்வைக்கு ஆளே இல்லை. ஆப்பிளைக் கடித்தால் சாறு முழங்கை வரை வழிகிறது. பழைய கிஃபர்ட் வீட்டில் விற்கும், பழம் வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டு ஓடினோம், கடைசி இரண்டு கிடைத்தன.

சிவப்புச் சுவர்களுக்கு நடுவே அந்தப் பச்சையைப் பார்த்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. வாய்க்கால் போகிற இடத்தில் மட்டும் பச்சை, ஓரடி தள்ளினால் கரடு.

ஹாங்க்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து கட்டிய பங்க் கடையில் டாங்கை விளிம்பு வரை நிரப்பினோம். பெட்ரோல் விலை நகரத்தைவிட கேலனுக்கு அரை டாலர் கூட. இரவு விடுதி வாசலில் உட்கார்ந்து பார்த்தால் மேற்கே மின்னல். சத்தமே கேட்காத தூரம். முந்தாநாள் வரைக்கும் அதை அழகு என்று மட்டும் பார்த்திருப்பேன்.

செப்டம்பர் 25, புதன், மெக்சிகன் ஹாட்

எட்டு மணிக்குக் கிளம்பி 95-ஆம் சாலை. 26 மைலில் 276 பிரிகிறது. அதைத் தாண்டினால் சாலை நார்த் வாஷ் என்ற ஓடையை ஒட்டியே இறங்குகிறது. வானம் சுத்தம். ஒரு தாழ்வில் எதிரே பழைய பிக்கப் ஒன்று சாலைக்குக் குறுக்காக நின்றது. பெரியவர் ஒருவர் இறங்கி இரண்டு கையையும் உயர்த்தினார்.

முதலில் வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. சுள்ளி, காய்ந்த சாணம், ஜூனிப்பர் இலை, அழுக்கு நுரை எல்லாம் ஒரு மெத்தை போல உருண்டு வந்தன, நடக்கும் வேகத்தில். அதற்குப் பின்னால்தான் சிவப்புக் குழம்பு. ஐந்து நிமிடத்தில் அது சாலையை மூடிவிட்டது. உள்ளே கற்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம், மூடிய பானைக்குள் புளியங்கொட்டை குலுக்குவது போல. மண் வாசம் நம் ஊர் முதல் மழை வாசமேதான்.

"அக்கா, நம்மூர் பள்ளத்துல தண்ணி வர்ற மாதிரியே இருக்குது" என்றான் தம்பி. கோவைப் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். இப்படித் திடுமென வருவதற்குத் தமிழில் காட்டாறு என்று ஒரே சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அப்படி வரும் வெள்ளத்தின் முன்முனையை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பெரியவர் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டார். குச்சி முழுகினால் வண்டிகளை இன்னும் மேட்டுக்கு ஏற்றவேண்டும், வெளியே தெரிந்தால் இறங்குகிறது என்று அர்த்தம். பிறகு பிக்கப்பின் நிழலில் எங்களை உட்காரச் சொன்னார். மாட்டுக்கறி உப்புக்கண்டம் நீட்டினார். நான் எள்ளுருண்டை கொடுத்தேன். ஒன்றைத் தின்று, இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி மனைவிக்கு என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேச்சு குறைவு. நேற்றிரவு மின்னல் எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று கேட்டார். மேற்கே என்றேன். அதுதான் இது என்றார்.

குச்சி அரையடி முழுகியது. அப்புறம் விரற்கடை விரற்கடையாக வெளியே வந்தது, ஈரக்கோடு ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்றரை மணி நேரம். நெடுஞ்சாலைத் துறை வண்டி வந்து சேற்றைச் சுரண்டி ஒதுக்கிய பிறகும் பெரியவர் தன் பிக்கப்பை முதலில் விட்டு, அந்தப் பக்கம் போய் நின்று, நாங்கள் இருவரும் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் முதல் கியர், கால் இரண்டும் கீழே தொங்க, கிளட்சைத் தொடாமல் கடந்தோம்.

ஹைட் என்ற இடத்தில் பவல் ஏரியின் தலைமாடு. படகு இறக்கக் கட்டிய சரிவுப் பாதை தண்ணீரை எட்டாமல் மண்ணில் முடிந்து கிடக்கிறது. காலையில் அத்தனை வெள்ளத்தைப் பார்த்த கண்ணுக்கு அது பொறுக்கவில்லை.

நேச்சுரல் பிரிட்ஜஸில் மூன்று கற்பாலங்கள். 1908-இல் யூட்டாவின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்த இடம். ஓடை வளைந்து வளைந்து ஓடிச் சுவரைத் துளைத்துப் போனதில் மேலே மிஞ்சியது பாலம். ஓவச்சோமோ பாலத்தின் நடுப்பகுதி ஒன்பது அடி தடிமன்தான். திரும்பிச் சாலைக்கு வந்தபோது ஸ்போர்ட்ஸ்டரில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. சிவப்பு கேனை அவன் டாங்கில் கவிழ்த்தோம்.

அடுத்து மோக்கி டக்வே. 261-ஆம் சாலையில் தார் முடிந்து, மூன்று மைல் சரளை, கொண்டை ஊசி வளைவுகள், 11 சதவீதச் சரிவு. சுமார் 1,200 அடி நேராகக் கீழே. 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காகச் சுரங்க நிறுவனம் ஒன்று மலையின் முகத்தில் வெட்டிய பாதை. ஹிமாலயனுக்கு இது சொந்த வீடு. கனமான ஸ்போர்ட்ஸ்டருக்கு அப்படி இல்லை. "நீ முன்னால போக்கா, உன் தடத்துலயே வர்றேன்" என்றான். முன் பிரேக்கைத் தொடாதே, இன்ஜினே பிடித்து நிறுத்தட்டும் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது வளைவில் கண்ணாடியில் அவன் பின்சக்கரம் விளிம்புப் பக்கம் வழுக்குவதைப் பார்த்தேன். வயிறு சுருங்கிவிட்டது. அவன் பதறாமல் நேராக்கினான். கீழிருந்து வந்த வேன்காரர் அகலமான வளைவில் ஒதுங்கி இன்ஜினை அணைத்துக் காத்திருந்தார். அடிவாரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பிடித்தது, அப்புறம் இன்றுதான்.

செப்டம்பர் 26, வியாழன், கயென்டா

காலையில் கூஸ்நெக்ஸ். சான் வான் ஆறு ஆயிரம் அடி ஆழத்தில் ஊசி வளைவுகளாக ஓடுகிறது. நேராகப் போனால் ஒன்றரை மைல், ஆறு போவது ஆறு மைல். ஆறு இன்று செம்மண் நிறம்.

மான்யுமென்ட் வேலி என்ற செம்பாறைப் பள்ளத்தாக்குக்குள் 17 மைல் மண்பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. முன்பே தெரிந்திருந்ததால் ஜீப்புக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஓட்டி வந்தவர் ஐம்பது வயதிருக்கும் நவஹோ பெண்மணி. தம்பி என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, அக்கா என்றால் என்ன என்றார். மூத்த சகோதரி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நவஹோவிலும் அதற்குத் தனிச் சொல் உண்டு, ஷாடி. தம்பிக்கு ஷிட்சிலி. ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்கிறார்கள், நமக்கு அது ஒத்துவராது என்றார். அதன்பிறகு பயணம் முடியும்வரை என்னை ஷாடி என்றே அழைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

அவர் வீட்டில் குழாய் கிடையாது. வாரம் இரண்டு முறை பிக்கப்பில் 275 கேலன் தொட்டியை ஏற்றிக்கொண்டு இருபது மைல் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார். நவஹோ நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீத வீடுகளின் நிலை இதுதான். 1868 உடன்படிக்கையைக் காட்டி, தண்ணீருக்கு அரசு வழிசெய்யவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அப்படிக் கடமை இல்லை என்று தீர்ப்பு சொன்னது. இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. கொலராடோ ஆற்றைத் தேக்கிய ஏரியை நான்கு நாள் முன்னால்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஏரியின் தென்கரையை ஒட்டியே இவர்கள் நிலம். எனக்கு இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று புரியவில்லை.

இரவு கயென்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு. மசாலா இல்லை, உப்பும் உருளைக்கிழங்கும் சோளமும் மட்டும். எலும்போடு வெந்த கறி, பக்கத்தில் அந்த ரொட்டி. பதினான்கு டாலர். இந்த வாரத்திலேயே வயிறும் மனமும் நிறைந்த சாப்பாடு.

செப்டம்பர் 27, வெள்ளி, சாண்ட்லர்

கயென்டாவிலிருந்து டூபா சிட்டி வரை தலைவலி தரும் எதிர்க்காற்று. மணல் கழுத்துப்பட்டைக்குள் எல்லாம் புகுந்தது. கேமரனில் டீ குடிக்க நிறுத்தலாம் என்று இறங்கினால் பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வண்டிகள். பிக்கப், பழைய கார், பள்ளிப் பேருந்து ஒன்று. விபத்தோ என்று பயந்து நடந்தோம்.

விபத்து இல்லை. ஆறு வந்திருந்தது. கிழக்கே எங்கோ பெய்தது வெடித்த சேற்றை எல்லாம் மூடி, கரைக்குக் கரை, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி ஒருவர் பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அப்பா எங்களை சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார், கரையில் ஊரே நிற்கும்.

ஒருவர் நகர்ந்து எங்களுக்குக் கைப்பிடிச் சுவரில் இடம் விட்டார். தம்பி போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டான். கோவையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். தம்பி ஒன்றும் பேசாமல் போனை ஆற்றுப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.